நடுக்கடலுக்குப் பெயர் இல்லை

இந்த மழையைத் தொட்டால் விரல் நனைவதில்லை, ஆனாலும் துளிகள் என் விரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி ஓடுகின்றன, மரியாதை தெரிந்த மழை. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெய்கிற மாதிரி, பின்னால் மங்கலாக ஏதோ ஊர் விளக்குகள், சிவப்பு, மஞ்சள், யார் ஊரோ. பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பிடித்திருக்கிறது, வைக்கவா என்று கேட்டால் தெரியவில்லை. புதுப் போனை வாங்கி அனுப்பிய என் மகள் வினிட்டா கோயம்புத்தூரிலிருந்து காலையிலிருந்தே விரட்டுகிறாள். "எம்மா, படம் வச்சிட்டியா? என்ன படம் வச்ச? எனக்கு அனுப்பு பாப்போம்." வரும்போதே அதன் முகப்பில் ஒரு மணல்மேடு இருந்தது, ஆளில்லாத மணல், காற்று வீசி வீசி ஒரு மேடு இன்னொரு மேடாக மாறிக்கொண்டே இருந்தது, யாருக்காக மாறுகிறதென்று தெரியவில்லை, பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குள் என்னவோ செய்தது, பிரஷர் மாத்திரை போட மறந்த அன்றைக்குச் செய்யுமே அதுபோல. அதைத் தூக்கிவிட்டு வேறு படம் தேடினால் அருவி வருகிறது, வெண்பனி வருகிறது, விண்மீன்கள் எதிரே பாய்ந்து வருகின்றன. "அசையிற படம்லாம் வேண்டாம்மா, சார்ஜ் தின்னும், பேசாம ஒரு ரோசாப்பூவ வையி" என்கிறாள். ரோசாப்பூ அசையாதே. இந்த வீட்டில் அசையாமல் இருப்பதற்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது, பீரோ இருக்கிறது, சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலிகள் இருக்கின்றன, மாலை போட்ட படத்துக்குள் பிள்ளைகளின் அப்பா இருக்கிறார். ஏதாவது ஒன்று அசையட்டுமே என்றுதான் பார்க்கிறேன். இதை அவளிடம் சொன்னால் "அப்ப கெளம்பி இங்க வா" என்பாள், போனால் அங்கே ஏழாவது மாடியில் நான் ஒரு நாற்காலி.

சனிக்கிழமை என்பதால் எதிரே மேசையில் கம்ப்யூட்டரும் ஓடுகிறது. அது என் மகன் கிளாட்வினுடையது. கப்பலேறுகிற அன்று, "எம்மா, வாரத்துக்கு ஒருக்கா போட்டு வை, சும்மா கெடந்தா பழுதாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான், போகிற அவசரத்திலும் திரையில் ஒரு மீன் தொட்டியை வைத்துவிட்டுப் போனான். நீலத் தண்ணீர், ஒரு செம்மீன், கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன்கள், அடியில் வாயைத் திறந்து திறந்து மூடுகிற ஒரு சிப்பி. முதல் தடவை நான் அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்து, "எம்மா, பாசத்துல இர கிர போட்டுறாத, கீபோர்டு போயிரும்" என்று சிரித்தான். இரை போடவில்லை, ஆனால் பேசியிருக்கிறேன். செம்மீன் இடது பக்கத்திலிருந்து வரும், வலது பக்கம் போகும், போனது எங்கே போகிறது? திரைக்கு வெளியே தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் இடது பக்கமே வந்துவிடுகிறது. பின்பக்கமாகச் சுற்றி வருகிறதோ என்று ஒருநாள் எட்டிக்கூடப் பார்த்தேன், வயரும் ஒட்டடையும்தான். எப்படி வருகிறதென்று தெரியாவிட்டால் என்ன, போனது வருகிறது, அதனால்தான் அந்த மீன்மேல் எனக்கு ஒரு பிரியம். வினிட்டாவோ, "அந்தப் பழைய டப்பாவக் கடையில போட்டுட்டு வேற வாங்கும்மா" என்பாள். போட்டுவிட்டால் அவன் வந்து எங்கே என்று கேட்பானே.

வந்தால்தானே கேட்பான். வருவானா, அதுதான் இப்போது என் உள்ளுக்குள் ஓடுகிற ஒரே பேச்சு, படம் தேடுவதெல்லாம் அதற்கு மேலே போட்ட துணி. கடைசியாகச் சாந்தோஸ் என்கிற துறைமுகத்திலிருந்து பேசினான், பிரேசில் தேசமாம், சர்க்கரை ஏற்றுகிறார்கள், ஊரே இனிப்பு வாசம் என்றான். "சிங்கப்பூர்ல எனக்குப் பதிலா ஏற ஆள் வந்துட்டான்னா நான் எறங்கிருவேன்மா, கிறிஸ்மசுக்கு வீட்டுலதான். ஆள் வரலன்னா இன்னும் நாலஞ்சு மாசம் நீட்டிருவானுவ. சிங்கப்பூர் போனாத்தான் தெரியும்." அதற்குப் பிறகு நடுக்கடல், நடுக்கடலில் அவன் கப்பலுக்குச் சிக்னல் கிடையாது. சிங்கப்பூரைத் தொடுகிற நாட்கள்தான் இவை, நேற்றாக இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாம். கிறிஸ்மசுக்கு முந்தின திருவருகைக் காலம் வேறு தொடங்கிவிட்டது, கோயிலில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது, தெருவில் பிள்ளைகள் நட்சத்திரம் கட்டுகிறார்கள். அவனுடைய சட்டைகளையும் கட்டில் விரிப்பையும் பீரோவிலிருந்து எடுத்தேன், பூச்சி உருண்டை வாசம், மத்தியானத்துக்கு மேல் துவைத்து மாடியில் காயப்போட்டுவிட்டேன். வருகிறேன் என்று சொல்வதற்கு முன்னாலேயே துவைத்துவிட்டேன். முந்திக்கொண்டேனோ? சொல்வதற்கு முன் முந்திக்கொள்வதில் எனக்குப் பயம் உண்டு.

அந்தப் பயம் வானிலையிலிருந்து வந்தது. என் பழைய போனில் வானிலை காட்டுகிற ஒன்று இருந்தது, ஊரின் பெயரைப் போட்டால் அந்த ஊர் வானம் வந்து நிற்கும். கிளாட்வின்தான் வைத்துக் கொடுத்தான். எந்தத் துறைமுகத்திலிருந்து பேசினாலும் பேசி முடித்த கையோடு ஊரை மாற்றிவிடுவேன். டர்பன், ராட்டர்டாம், பூசான், வாயில் நுழையாத பெயரை எல்லாம் அவனிடமே எழுத்துக் கூட்டி வாங்குவேன், கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்த இங்கிலீசு அதற்குத்தான் ஆனது. காலையில் ஜெபத்துக்கு முழங்கால் போடுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்வேன். குளிர் என்றால் மாதாவே பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள் என்பேன். காற்று என்றால் காற்றைச் சொல்வேன். சும்மா காப்பாற்று காப்பாற்று என்பதைவிட, இன்ன இடத்தில் இன்னது நடக்கிறது என்று எடுத்துச் சொல்லிக் கேட்டால் மாதாவுக்கும் வசதியாக இருக்குமே என்று ஒரு நினைப்பு. மாதாவுக்குப் போன் வேண்டாம், தெரியும். ஆனால் அவன் வாயால் ஊரைச் சொல்லாமல் நான் மாற்றமாட்டேன். கப்பல் கிளம்பிப் போய்விட்டாலும் அடுத்த துறைமுகத்திலிருந்து அவன் குரல் வருகிற வரைக்கும் பழைய ஊர்தான் போனில் நிற்கும். ஒரே ஒருமுறை, அடுத்தது கொழும்பு என்றான், கொழும்பு நமக்கு இந்தா எதிர்த்த வீடு மாதிரி, ஆசையில் முன்கூட்டியே மாற்றிவிட்டேன். கப்பலை உள்ளே விடவில்லை, வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிறுத்தி, அப்புறம் கொழும்பே வேண்டாம் என்று எங்கேயோ திருப்பிவிட்டார்கள். "நீ மாத்துனதுக்கும் கப்பல் திரும்புனதுக்கும் என்னம்மா இருக்கு? கேப்டன் என்ன உன் போனப் பாத்தா ஓட்டுறான்?" இல்லைதான். எனக்கும் தெரியும், இல்லைதான். தெரிந்தாலும் அதற்கப்புறம் கை போகவில்லை.

அந்தப் போன்தான் துணி அலசுகிற வாளிக்குள் விழுந்து செத்தது, விழும்போது உள்ளே சாந்தோஸ் இருந்தது. சாந்தோஸ் தண்ணீருக்குள் போய்விட்டதே என்று எடுத்துத் துடைத்தேன், அரிசிக்குள் புதைத்துவைத்தேன், வரவில்லை. இந்தப் புதுப் போனில் நம்பரெல்லாம் வந்துவிட்டது, படமெல்லாம் வந்துவிட்டது, வினிட்டா தூரத்திலிருந்தே அதை அமுக்கு இதை அமுக்கு என்று சொல்லிக் கொண்டுவந்துவிட்டாள். வானிலை மட்டும் வரவில்லை. "அதுக்குப் பேரு என்னம்மா?" என்றாள். பெயர் யாருக்குத் தெரியும், முகம் தெரியும், நீலத்தில் ஒரு வெள்ளை மேகம். தேடினால் வருவதெல்லாம் நீலத்தில் வெள்ளை மேகம். ஒரே முகத்தில் இத்தனை பேரா. ஒன்றை இறக்கினேன், திறந்ததும் கடன் வேண்டுமா என்று கேட்டது, அழித்துவிட்டேன். இன்னொன்றில் ஒரு தவளை, கோட்டு போட்டுக்கொண்டு இளிக்கிறது. இன்னொன்றில் வானத்தைக் காட்டாமல் கோடு கோடாக ஏறி இறங்குகிறது, ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் அப்பாவுக்கு ஓடியது மாதிரியே, அதை வேகமாக மூடினேன், அந்தக் கோடு கடைசியில் நேராகப் போனபோது பக்கத்தில் நின்றது நான்தானே. வேண்டாம். அதை நினைக்கவேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஜனங்கள் எழுதியிருக்கிறார்கள், நல்லது, மோசம் என்று. மழை இல்லை என்று போட்டிருந்ததை நம்பி கல்யாணப் பந்தலை வெளியே போட்டேன், சாம்பாரில் தண்ணீர் என்று ஒருவர் திட்டியிருக்கிறார். ஒருவர், "ஐயா, நாளை எங்கள் ஊரில் மழை வருமா?" என்று கேட்டிருக்கிறார், ஊர் பெயரைச் சொல்லவில்லை. எழுதி ரொம்ப நாளாகிவிட்டது, யாரும் பதில் போடவில்லை. அவருக்கு அந்த நாளை வந்து போயிருக்கும், மழை பெய்ததோ இல்லையோ. ஐயா என்று யாரைக் கூப்பிட்டார்? அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார் என்று நினைத்திருப்பார் போல. நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் ஒன்றைப் பிடித்துவைத்திருக்கிறேன். அதில் ஒரு சின்னப் பொம்மைப் பெண், ஊருக்குத் தகுந்த மாதிரி உடுப்பு மாற்றிக்கொள்ளுமாம், குளிர் என்றால் கம்பளி, வெயில் என்றால் தொப்பி. மழை பெய்தால் திரை முழுக்க மழை பெய்யுமாம், தனியாகப் படம் வைக்கவே வேண்டாம், இதையே முகப்பில் வைத்துக்கொள்ளலாமாம். வினிட்டா பார்த்தால், "எம்மா, இது சின்னப் புள்ளைக்குள்ளது" என்று சிரிப்பாள், சிரிக்கட்டும். திறந்தவுடன் அது கேட்கிறது, உங்கள் இருப்பிடத்தை அணுக அனுமதிக்கவா? என் இருப்பிடம் அதற்கு எதற்கு? நான் எங்கே போகப்போகிறேன், இதே தெரு, இதே கோயில், இதே மீன் மார்க்கெட். அனுமதி மறு என்பதை அமுக்கினேன். அப்படியானால் ஊரைச் சொல் என்கிறது. ஊர். இங்கேதான் நூல் சிக்கிக்கொண்டது, வெகுநேரமாக இதிலேயே நிற்கிறேன். சாந்தோஸ் என்று போடலாமா? பழைய போனில் இருந்தால் அது அப்படியே இருந்திருக்கும், நானாகப் போட்டதாக இருக்காது. இப்போது புதிதாகச் சாந்தோஸ் என்று எழுதினால், வந்துகொண்டிருக்கிற கப்பலை நானே பிடித்துத் திரும்பவும் அங்கே கொண்டுபோய்க் கட்டுகிற மாதிரி ஆகாதா? சிங்கப்பூர் என்று போடலாமா? அவன் இன்னும் சொல்லவில்லையே. கொழும்பு மாதிரி ஆகிவிட்டால்? இரண்டுக்கும் நடுவில், அவன் உண்மையிலேயே இருக்கிற இடத்தைப் போடலாம் என்றால் அதற்குப் பெயர் இல்லை. கடல் என்று எழுதிப் பார்த்தேன். கடலூர் என்று வந்தது, கடலாடி என்று வந்தது. நடுக்கடல் என்று எழுதினேன், முடிவுகள் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. இத்தனை ஊர் இருக்கிறது, கேள்விப்படாத குக்கிராமமெல்லாம் இருக்கிறது, அத்தனை பெரிய தண்ணீருக்கு ஒரு பெயர் கிடையாதா, அங்கே பெய்கிற மழையை யாருமே பார்ப்பதில்லையா. ஊரைச் சொல்லாமல் மூடவும் விடமாட்டேன் என்கிறது. பொம்மை கையைக் கட்டிக்கொண்டு வெறும் உடுப்பில் நிற்கிறது, என்ன உடுத்துவதென்று தெரியாமல்.

புயல் என்று எங்கேயோ ரேடியோவில் கேட்டேனே, வங்கக் கடலா, அந்தமானா, அவன் அந்த வழியாகத்தானே வருவான்? இல்லை, சிங்கப்பூருக்கு அந்தப் பக்கமாக வரமாட்டான், தெற்கே ஆப்பிரிக்காவைச் சுற்றி வருவோம் என்று கைவிரலால் காற்றில் வரைந்து காட்டியிருக்கிறானே. வரைந்து காட்டினபோது சாப்பாட்டுக் கையால் வரைந்தான், மீன்குழம்பு மேசைவிரிப்பில் சொட்டியது, திட்டினேன். அந்தக் கறை போய்விட்டது, போகாமல் இருந்திருக்கலாம். இதிலே இன்னொன்று, அவன் ஆயிலர், எஞ்சின் அறையில் வேலை, கப்பலின் அடிவயிற்றில். ஒருமுறை நான் அங்கே வெயிலா மழையா என்று கேட்டதற்கு, "எம்மா, நான் நிக்கிற எடத்துல வானமே கெடையாதும்மா. எப்பவும் ஒரே சூடு, ஒரே சத்தம். மழ பேஞ்சா மேல இருந்து வாரவன் சட்டையப் பாத்துத்தான் தெரியும்" என்றான். அன்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது. குளிருக்கும் காற்றுக்கும் இத்தனை காலம் மன்றாடினேனே, அவன் மேல் அது எதுவுமே படவில்லையா? வானமில்லாத இடத்துக்கு எந்த வானிலையைப் பார்ப்பது? ஆனாலும் மறுநாள் காலையில் பார்த்தேன். அந்த வாரம் அது பூசான், பனி.

பனி என்றால் நம்முடைய மாதாவும் பனிமய மாதாதான். இந்தத் தூத்துக்குடியில் டிசம்பரிலும் முதுகு வேர்க்கிறது, உப்பளத்துப் பக்கம் போனால் கண் கூசுகிறது, பனி என்றால் ஐஸ் பெட்டிக்குள் மீன்மேல் கிடப்பதுதான் எங்களுக்குத் தெரியும், ஆனால் எங்கள் தாய்க்குப் பெயர் பனி. அதற்காக அந்த வெண்பனிப் படத்தை வைக்கலாமா என்று ஒரு எண்ணம். வைத்துப் பார்த்தேன், மெதுவாக விழுகிறது, சத்தமில்லாமல், பாதை மூடுகிறது, வீடு மூடுகிறது, இப்படியே விழுந்தால் யார் வீட்டுக்கு வருவார்கள். எடுத்துவிட்டேன். கடலலைப் படம் அழகாகத்தான் இருக்கிறது, அதைப் பார்க்கவே முடியாது. மெழுகுவர்த்தி ஒன்று இருக்கிறது, நிஜம்போலவே ஆடுகிறது, பார்த்துக்கொண்டே இருந்தேன், உருகவே இல்லை, உருகாத மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு என்ன மன்றாடுவது. யேசுசாமி படம் ஒன்று, போனைச் சாய்த்தால் கண்ணைத் திறந்து மூடுகிறார். ஆண்டவரே, மன்னிக்கணும், சிரித்துவிட்டேன். போன வருஷத் திருவிழாவில் ஒரு கடைக்காரர் இப்படித்தான் சாய்த்துப் பார்க்கிற படம் விற்றார், கிளாட்வின் அதைச் சாய்த்துச் சாய்த்து, "எம்மா, சாமி உன்னப் பாத்துக் கண்ணடிக்காரு" என்றான், அடிக்க ஓடினேன். போன வருஷமா? இல்லை, அதற்கு முந்தியது. போன வருஷத் திருவிழாவுக்கு அவன் இல்லை. மாதா தேர் போனபோது நான் மட்டும் ஓரமாக நின்றேன், பக்கத்தில் யாரோ பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்திருந்தார்கள், அதன் செருப்பு என் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது, இடிக்கட்டும் என்று நகராமல் நின்றேன்.

வெயில் ஜன்னலில் சாய்ந்துவிட்டது. ஜெபமாலையை இடது கையில் எடுத்துக்கொண்டேன். போன் வலது கையில். இரண்டையும் ஒன்றாகப் பிடிப்பது சரியில்லைதான். சனிக்கிழமை ஜெபமாலைக்கு மகிழ்ச்சியின் தேவரகசியங்கள், கடைசியில் வருவது காணாமல்போன பிள்ளை யேசுவை மாதா தேடிப்போவது. சின்ன வயதில் மடத்துச் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபோது இதில் என்ன மகிழ்ச்சி என்று கேட்டேன், கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறாள் அல்லவா என்றார். மாதா தெருத்தெருவாகப் போய்த் தேடினாள், பார்த்தவர்களிடம் கேட்டாள். அவளுக்கு ஒரு ஊர் இருந்தது தேடுவதற்கு. மணிகள் விரலில் நகர்கின்றன, வாய் சொல்கிறது, கண் மட்டும் ஊரைச் சொல் ஊரைச் சொல் என்கிற கட்டத்திலேயே நிற்கிறது. சாந்தோஸ், சிங்கப்பூர், சாந்தோஸ், சிங்கப்பூர். அந்த நேரம் பார்த்துப் போன் அலறியது. வினிட்டா. திடுக்கிட்டு எதையோ அமுக்கிவிட்டேன். "எம்மா, இன்னுமா முடியல? ஒரு படம் வைக்கதுக்கு ஒரு பகலா?" "வச்சிட்டேன், வச்சிட்டேன்." "என்ன படம்?" "மழ." "அங்க மழையா?" "இல்லட்டி, போன்ல மழ." "தம்பி பேசுனானா?" "இல்ல." "வருவான்மா. கேக்கு நான் வாங்கிட்டு வாரேன், நீ மாவு பிசைய உக்காந்துராத" என்றாள். அவன் வராவிட்டால் என்ன என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, அவள் சமையலறையில் குக்கர் விசிலடித்தது, வைத்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால் போனில் மழை. முதலில் நான் தேடிவைத்த அந்த ஜன்னல் மழை என்றுதான் நினைத்தேன். இல்லை, இது வேறு மழை, பொம்மைப் பெண் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது, மேலே தூத்துக்குடி என்று எழுதியிருக்கிறது. விரல் பட்டு அனுமதி விழுந்துவிட்டது போல. என் இருப்பிடத்தை அணுகிவிட்டார்கள். கனமழை, இருபத்தெட்டு டிகிரி, முப்பத்திரண்டு போல் உணர்கிறது. எட்டிப் பார்த்தேன், ஒரு பொட்டு மேகமில்லை, எதிர்வீட்டுச் சுவர் காய்ந்துபோய் மஞ்சளாக நிற்கிறது, பூனை வெயிலில் படுத்திருக்கிறது. "ஏன் இப்படிப் பொய் சொல்லுத?" என்று பொம்மையைக் கேட்டேன். அது பாட்டுக்குக் குடையைச் சுழற்றியது. வேடிக்கைதான், எத்தனையோ தேசத்து வானத்தையெல்லாம் பார்த்திருக்கிறேன், என் தலைக்கு மேலிருப்பதை ஒருநாளும் போனில் பார்த்ததில்லை. எதற்குப் பார்ப்பது, அண்ணாந்தால் தெரிகிறது. அண்ணாந்தும் ரொம்ப நாளாகிறது. உப்பளத்தில் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள், வலைக்குப் போகிறவர்கள் பார்ப்பார்கள். எனக்காக யார் பார்க்கப்போகிறார்கள், இந்த எஸ்கலின் வீட்டு மேல் மழை பெய்கிறதா என்று. பார்த்துத்தான் என்ன ஆகப்போகிறது. ஊரை மாற்றவேண்டும் என்று நினைத்தேன். மாற்றுவதற்கு ஊர் இல்லை. செம்மீன் வலது பக்கம் போனது. அது திரும்பி வருகிறவரைக்கும் பார்க்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் டிங் என்றது. கிளாட்வின். பேச்சாக அனுப்பியிருந்தான், எழுத்தாக இல்லை. அமுக்குவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டேன். முதலில் காற்றுச் சத்தம், எங்கேயோ இரும்பு இடிபடுகிற சத்தம், யாரோ இந்தியில் கூப்பிடுகிறார்கள், அப்புறம் அவன். "எம்மா, சிங்கப்பூர் வந்தாச்சு. வெளியதான் நங்கூரம் போட்டுருக்கு, கப்பலுக்கு எண்ணெ புடிச்சிட்டுப் போயிருவோம். ஆள் வரலம்மா. கேட்டுப் பாத்தேன். நாலு மாசம் நீட்டிட்டானுவ. ஈஸ்டருக்கு வந்துருவேன், கண்டிப்பா. நீ ஒண்ணும் அழுதுக்கிட்டு உக்காராத, அக்காகிட்ட நான் பேசுதேன்." கொஞ்சம் காற்று. போகப்போகிறான் என்று நினைத்தேன். "எம்மா, அங்க பெரிய மழ காட்டுதே. என் போன்ல நம்ம ஊருதான எப்பவும் கெடக்கும். சனிக்கெழம, நீ துவைச்சுப் போட்டுருப்ப. மாடியில துணி கெடக்கா? மொதல்ல போயி எடு, நனைஞ்சிரும். படி வழுக்கும், பாத்துப் போ."

திரும்ப ஒருமுறை கேட்டேன். நாலு மாசம் என்பதைத் தாண்டிக் கேட்டேன். எப்பவும் கெடக்கும் என்கிறான். எப்பவும் என்றால் சாந்தோசிலுமா, பூசானிலுமா, வானமில்லாத அந்தச் சூட்டுக்குள் நின்றுகொண்டு சட்டைப் பையில் இந்த ஊர் வானத்தையா வைத்திருக்கிறான்? எனக்குக் குடை பிடித்த அந்தப் பொம்மை அவனுக்கும் குடை பிடிக்குமா, அவனுடையது வேறு படமாக இருக்கலாம், தவளையாகக்கூட இருக்கலாம். பெய்யாத மழை ஒன்று, அதை அவன் அங்கிருந்து பார்க்கிறான், நான் இங்கிருந்து பார்க்கிறேன். எழுந்தேன். முட்டி வலித்தது. படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறினேன், வழுக்கும் என்றானே, வெயிலில் சுட்ட படி, வெறுங்காலுக்குப் பொறுக்கவில்லை.

மாடியில் வெளிச்சம் கண்ணில் அடித்தது. சட்டைகள் காற்றில் கைகளை வீசிக்கொண்டு நின்றன. விரிப்பின் ஓரம் இன்னும் ஈரம், காலர்கள் காயவே இல்லை. ஒவ்வொன்றாகக் கிளிப்பைக் கழற்றித் தோளில் போட்டேன். பக்கத்து மாடியில் மரியதங்கம் அக்கா வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள், உப்பளத்து வேலை, மழைக்காலம் முடிகிற வரைக்கும் வேலை கிடையாது, அவள் வானத்தைப் பார்க்காத நேரம் இல்லை. "ஏட்டி எஸ்கலினு, வெயில் இந்தப் போடு போடுது, காயாத துணிய ஏன் அள்ளுத?"

"மழ வருதாம்க்கா."

அவள் நெற்றியில் கைவைத்து நாலு பக்கமும் பார்த்தாள். "வாயக் கழுவு. அளம் தொறக்க மாட்டாமக் கெடக்கோம், இன்னுமா மழ. எவன் சொன்னான்?"

"கிளாட்வின் சொன்னான்."

"வந்துட்டானா?" என்று அவள் முகம் மலர்ந்தது.

"இல்லக்கா. ஈஸ்டருக்கு."

அக்கா வானத்தை இன்னொரு தடவை பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து தன் வற்றல் தட்டையும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சட்டைகளை நெஞ்சோடு அணைத்து, முந்தானையை இழுத்து அவற்றின் மேல் மூடிக்கொண்டேன், கழுத்தில் ஈரம் பட்டது. அப்படியே இறங்கி வந்து விரிப்பையும் சட்டைகளையும் அவன் கட்டிலில் போட்டேன், கம்ப்யூட்டரில் செம்மீன் வந்துவிட்டிருந்தது. "எடுத்துட்டேன் மக்கா. ஒண்ணும் நனையல" என்று எழுதி அனுப்பினேன். சிங்கப்பூர் என்று அவன் வாயால் சொல்லிவிட்டான், இனி மாற்றலாம், மாற்றுவதற்கு விரலைக் கொண்டுபோனேன். தூத்துக்குடியின் மேல் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே அவனும் பார்த்துக்கொண்டிருப்பான். விட்டுவிட்டேன், இன்றைக்கு ஒருநாள் பெய்துவிட்டுப் போகட்டும்.